திருப்பிச் சொல்லும் பிள்ளை

பாடப்புத்தகம் அச்சடிக்கும் அச்சகத்தில் பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்து பிழை திருத்திய மனிதருக்குப் பாடப்புத்தகம் என்றாலே வேப்பங்காயாகக் கசந்துபோனதில் வியப்பில்லை. ‘யானை பெரிய விலங்கு. யானைக்கு நான்கு கால்கள் உண்டு. கோடிட்ட இடங்களை நிரப்புக.’ இந்த யானை ஆண்டு தவறாமல் அவர் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. ஒற்று மிகுந்திருக்கிறதா, கால் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. ஒருமுறையாவது யாராவது ஐந்து கால் என்று அடித்துத் தொலைத்தால் கொஞ்சம் உற்சாகமாக இருக்குமே என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது எட்டு வயது மகள் சுவரைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு அதே யானையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவர் திருத்திய வாக்கியம், அவர் வைத்த முற்றுப்புள்ளி. அவருக்குத் திக்கென்றது.

“இனிமே இவ இதைப் படிக்க வேணாம். இவளையும் சின்னவனையும் வீட்ல வச்சு நானே சொல்லிக் குடுக்கறேன்” என்றார் மனைவியிடம்.

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எதையும் உடனே நம்பமாட்டாள். படம் வந்தபிறகுதான் பேசுவாள். அன்றைக்கும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, செய்யுங்க. ஆனா யாராவது ஒண்ணு சொன்னா காது குடுத்துக் கேக்கணும். உங்களுக்கு அது மட்டும் வராது” என்றாள்.

“எனக்கா வராது?” என்று அவர் சிரித்தார்.

அப்படித்தான் தொடங்கியது. அவர் அச்சக வேலையை விட்டார். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர் சிலர் ஞாயிறுதோறும் ஒரு பூங்காவில் கூடினார்கள். அவர்களிடம்தான் ‘உயிருள்ள புத்தகம்’ என்ற சொல்லை முதலில் கேட்டார். ஒரு விஷயத்தை உயிராக நேசித்த ஒரே ஒருவர், தன் வாயால் சொல்வதுபோல எழுதிய புத்தகம். அதைப் பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு தடவைதான். பிறகு பிள்ளை தான் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் கேள்வி கிடையாது, திருத்தம் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. மதியத்தில் வெளியே போய் ஓர் இலையையோ எறும்பையோ பார்த்து நோட்டில் வரைய வேண்டும். பதினான்கு ஆண்டுகள் திருத்தியே பிழைத்தவருக்குத் திருத்தாமல் இருப்பதே ஒரு விடுதலையாக இருந்தது.

மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டின் முன்னறை காலையில் வேறோர் உலகமாக மாறிவிடும். சன்னலோரம் அவர் நாற்காலி. பெரியவள் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்பாள். ஆறு வயதுச் சின்னவனுக்குச் சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான் இடம். நாற்பது ஆண்டுகள் நத்தை வளர்த்த ஒருவர் எழுதிய புத்தகம், வழி தவறிய ஒரு கப்பலின் தச்சர் எழுதிய பயணக்கதை, மலையை அளக்கப் போன பெண்ணின் நாட்குறிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவருக்கு நல்ல குரல். புயல் வந்தால் குரலிலேயே பாய்மரம் கிழியும்.

வாசித்து முடித்து, “யாரு சொல்றீங்க?” என்பார்.

பெரியவள் நாலு வரியில் முடித்துவிடுவாள். அவள் படிப்பாளி, புதுப் புத்தகம் வீட்டுக்கு வந்தால் துணி அலமாரிக்குள் புகுந்துகொண்டு அன்றைக்கே பாதியை முடித்துவிட்டுத்தான் வெளியே வருவாள். அவளுக்குத் திருப்பிச் சொல்வது வெறும் கடமை. ஆனால் சின்னவன் வாயைத் திறந்தால் வீடே நின்று கேட்கும்.

“காலையில அந்த ஆளு எழுந்து பாக்கறாரு, பெட்டியில நத்தையக் காணோம். சுவத்துல ஒரு கோடு மட்டும் பளபளன்னு போகுது. அவரு என்ன பண்ணாரு? ஓடல. நத்தையத் தேடி எதுக்கு ஓடணும்? அது என்ன பஸ்ஸா புடிக்கப் போகுது? மெதுவாக் காப்பி குடிச்சிட்டுத்தான் போனாரு...”

புத்தகத்தில் இருந்தது ஒன்றுகூடத் தவறாது. இல்லாத காப்பி மட்டும் அவன் சேர்த்தது. ஒரு முறை கேட்டதைப் பத்து நாள் கழித்துக் கேட்டாலும் அப்படியே சொல்வான். ‘ரேடியோ’ என்று அவனுக்குப் பெயரே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மற்றப் பெற்றோர் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். “புத்தகத்த அப்படியே தின்னு முழுங்கறான் உங்க பையன்” என்பார்கள். அவருக்குத் தலைகால் புரியாது.

எழுத்து மட்டும் அவனுக்கு ஏறவில்லை. ஒரு வரியைப் பார்த்து எழுதச் சொன்னால், படம் வரைவதுபோல வரைவான். எல்லாக் கோடுகளையும் முதலில் போட்டுவிட்டுக் கடைசியில் மெய்யெழுத்துப் புள்ளிகளை உப்புத் தூவுவதுபோல மேலே தூவிவிடுவான். ‘மரம்’ ஒரு நாள் ‘ரமம்’ ஆகும், மறுநாள் ‘மமர்’ ஆகும். அவர் அதையும் ரசித்தார். அவசரப்படுத்தக் கூடாது, பழம் தானாகப் பழுக்கும் என்று கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தங்கை ஒரு நாள் வந்தாள். தொடக்கப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குச் சித்தி என்றால் உயிர். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காமல் சின்னவனிடம் நீட்டி, “இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு, முழுசும் உனக்கு” என்றாள்.

“பிஸ்கட் பொட்டலத்துல பிஸ்கட்னுதான் எழுதியிருப்பாங்க. செருப்புன்னா எழுதுவாங்க?” என்றான் அவன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிள்ளைகள் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னாள்:

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இவனுக்கு ஏழரை வயசு ஆகுது. எழுத்து அடையாளமே நிக்கல. எங்க பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு பொண்ணு இருந்தா. அதுக்குன்னு தனியாப் பயிற்சி குடுக்கறவங்க இருக்காங்க. ஒரு தடவ காட்டிடலாமே.”

“உங்க பள்ளிக்கூடத்துல எல்லாரையும் ஒரே அளவுகோல் வச்சு அளப்பீங்க. இங்க அது கிடையாது.”

“அளக்கச் சொல்லல மாமா. பாக்கச் சொல்றேன்.”

“என்ன பாக்கணும்? அவன் சொல்றத நீ கேட்டிருக்கியா? உன் வகுப்புல நாப்பது பேர்ல ஒருத்தன் அப்படிச் சொல்வானா? என் பையன மக்குன்னு சொல்ல உனக்கு யாரு உரிமை குடுத்தா?”

மக்கு என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. முகம் சுருங்கி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மனைவி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, அன்று முழுவதும் அவருடன் பேசவில்லை. சித்தியும் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறவில்லை. அத்தனை சத்தத்துக்கும் நடுவில், சின்னவன் வழக்கம்போல மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஆச்சரியம் பாருங்கள், அடுத்த ஆறு மாதத்தில் அவன் படிக்க ஆரம்பித்துவிட்டான். அப்படித்தான் அவர் நினைத்தார். எட்டு வயதானால் பிள்ளைகள் தாங்களே ஓர் அத்தியாயத்தைப் படித்து வந்து சொல்ல வேண்டும் என்பது முறை. அவர் காலையில் பக்கத்தைக் காட்டிவிட்டு மார்க்கெட்டுக்கோ தபால் நிலையத்துக்கோ போவார். இரண்டு பேரும் ஆளுக்கொரு புத்தகத்துடன் உள்ளறைக்குப் போவார்கள். அவர் திரும்பி வந்ததும் ரேடியோ பாட ஆரம்பித்துவிடும். வரி பிசகாது.

“பாத்தியா? நான் சொல்லல?” என்றார் மனைவியிடம்.

“எங்க, என் முன்னாடி ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்க” என்றாள் அவள்.

“பரீட்சை வைக்கக் கூடாது. அதான் முறை.”

அவள் இரண்டு ஆண்டுகளில் குறைந்தது நான்கு தடவை இதைக் கேட்டிருப்பாள். நான்கு தடவையும் அவர் முறையைச் சொன்னார். பெரியவள் அலமாரிக்குள் புகுந்து படிப்பதை நிறுத்தியதை அவர் கவனித்திருந்தார். உயரமாகிவிட்டாள், இனி அதற்குள் கொள்ளமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

பையனுக்குப் பத்து வயது நெருங்கிய நேரத்தில் அவருக்குக் குரல் கெட்டது. முதலில் கரகரப்பு, பிறகு வெறும் காற்று. தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். “என்ன தொழில் சார் உங்களுக்கு? பாட்டா, மேடைப் பேச்சா?”

“வீட்ல பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டறார்” என்றாள் மனைவி.

“மூணு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது.”

சட்டைப் பையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்துக்கொண்டார். எது வேண்டுமானாலும் எழுதி நீட்டுவார். பெரியவள் அதை வாங்கி, அரசாங்க அறிவிப்பைப்போல உரக்கப் படிப்பாள். “இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம்... இல்ல இல்ல, தண்ணி வேணுமாம்!” வீடு கலகலத்தது. ஒரு வாரம் அப்படியே ஓடியது. எந்தத் தாளானாலும் பெரியவளின் கைக்கே முதலில் போகிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது வாரம் ஒரு முற்பகல், பெரியவளுக்குப் பல் வலி என்று மனைவி அவளை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தாள். வீட்டில் அவரும் சின்னவனும்தான். தொண்டை மாத்திரை தீர்ந்துவிட்டது. கீழ்த்தெருவிலேயே மருந்துக்கடை, ஐந்து நிமிஷ வேலை. அடுப்பில் பால். குறிப்பேட்டில் எழுதினார்: ‘மருந்து வாங்கி வருகிறேன். பால் பொங்கினால் அடுப்பை அணைத்துவிடு.’

சின்னவன் தாளைப் பார்த்தான். அவர் முகத்தையும் பார்த்தான். “சரிப்பா” என்று பளிச்சென்று தலையாட்டினான்.

கடையில் கூட்டம், ஐந்து நிமிஷம் இருபதானது. படியேறும்போதே தீய்ந்த வாடை. சமையலறை முழுக்கப் புகை. பால் பாத்திரம் கரிப்பிடித்துச் சிவந்து கிடந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். சின்னவன் முன்னறை மேசைக்கு அடியில் அட்டைப் பெட்டியில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தான். இருமிக்கொண்டே அவனை இழுத்து நிறுத்தி, பென்சில் முனை உடையும்படி எழுதினார்: ‘ஏன் அணைக்கவில்லை?’

பையன் தாளை வாங்கினான். உற்றுப் பார்த்தான். அப்பாவின் முகத்தைத் திருட்டுத்தனமாக ஒரு நோட்டம் விட்டான். பிறகு சொன்னான்:

“எனக்குப் பசிக்கலப்பா.”

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்தார். பிறகு அவன் கண்களைப் பார்த்தார். கிண்டல் இல்லை. இருட்டில் சுவரைத் தடவுபவனைப்போல ஒரு பார்வை.

மெதுவாக, பெரிய எழுத்தில் இன்னொரு தாளில் எழுதினார்: ‘வெளியே மழை பெய்கிறதா?’

சன்னலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பையன் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.  “இனிமே செய்ய மாட்டேன்பா” என்றான்.

  அவர் தரையில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டார். ஏன் திட்டு விழவில்லை என்று புரியாமல் அவன் விறைத்துப்போய் நின்றான்.

மனைவியும் பெரியவளும் வந்தபோது புகை வாடை போகவில்லை. பெரியவள் கீழே கிடந்த இரண்டு தாள்களையும் எடுத்துப் படித்தாள். வீங்கிய கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவுதான், உடைந்து அழத் தொடங்கிவிட்டாள்.

“நான் பொய் சொல்லலப்பா. நீங்க என்னைக் கேக்கவே இல்ல.”

மனைவி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது. தினமும் அப்பா வெளியே போனதும் முதலில் தம்பியின் அத்தியாயத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். மிச்ச நேரம் இருந்தால் தன்னுடையதைப் படிப்பாள். பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் அவள் சொல்வது நாலு வரியிலிருந்து இரண்டு வரியாகச் சுருங்கியது. அப்பா வெளியே போகாத நாளில், குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து வாசிப்பார்கள்.

“எத்தனை நாளா?” என்றாள் மனைவி.

“சித்தி வந்து சண்டை போட்டாங்கள்ல, அதுக்கப்புறம்.”

“சித்தி எங்கடி சண்டை போட்டா?” என்று சொல்லிவிட்டு மனைவி அவர் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“அன்னிக்கு ராத்திரி இவன் என்கிட்ட கேட்டான். படிக்க வரலன்னா மக்கான்னு. அப்பா சொன்னாங்களாம். நான் இல்லடான்னு சொன்னேன். அப்ப அப்பாகிட்ட சொல்லிடாதன்னு அழுதான். அப்பா எல்லார்கிட்டயும் இவனைப் பத்தித்தான் பேசறாங்க. வரலன்னு தெரிஞ்சா பேச மாட்டாங்கன்னான். எனக்குப் பாவமா இருந்துச்சு.”

சின்னவன் அக்காளின் பின்னால் ஒளிந்து நின்றான். மனைவி அவரிடம் சொன்னாள்: “ரெண்டு வருஷமாக் கேட்டேன். ஒரு பக்கம், என் முன்னாடி ஒரே ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கன்னு.”   அவள் சொன்னதை முழுசாக, குறுக்கே பேசாமல் அவர் கேட்டது அநேகமாக அன்றுதான்.

மறுநாள் மைத்துனியின் வீட்டுக்குப் போனார். பேச முடியாதவர் மன்னிப்புக் கேட்பது சின்ன வேலையில்லை. இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போயிருந்தார். வாசலில் நின்றபடியே நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். நெடுநேரம் படித்தாள்.

“ரெண்டாவது பக்கத்துல ஒரு ஒற்று விட்டுப்போச்சு மாமா” என்றாள் கடைசியில். கண் கலங்கியிருந்தது. “உள்ள வாங்க. அந்தப் பயிற்சி ஆசிரியைகிட்ட நானே பேசறேன்.”

பயிற்சி ஆசிரியை நடுவயதுக்காரர். சின்னவனை மூன்று நாள் வைத்துப் பார்த்தார். பிறகு பெற்றோர் இருவரையும் கூப்பிட்டு, இது நிறையப் பிள்ளைகளுக்கு இருப்பதுதான், புத்திக்குக் குறைவே இல்லை, எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இடத்தில்தான் சிக்கல் என்று விளக்கினார். “இவனோட ஞாபகசக்திதான் இத்தனை நாளா இத மறைச்சிருக்கு. சாதாரணப் பிள்ளையா இருந்தா ஒரே மாசத்துல மாட்டியிருப்பான்.”

குரல் திரும்பியிருந்த அவர் கேட்டார்: “ரொம்பத் தாமதமாயிடுச்சா?”

“கத்துக்க முடியாத அளவுக்குத் தாமதம் இல்ல. ஏழு வயசுல வந்திருந்தா பாதிக் கஷ்டம்தான். அதைவிட, இவ்வளவு வெக்கப்படப் பழகியிருக்க மாட்டான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க வாசிச்சுக் காட்டினது ஒண்ணும் வீண் இல்ல சார். அவ்வளவு சொல் வச்சிருக்கான். அதோட இதையும் கவனிச்சிருக்கலாம். அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதான் என்ற சொல்லை அவர் வீடு வரும்வரை மனத்துக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பயிற்சி என்பது மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுத்தெழுதுவது. ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதுவது, அழிப்பது, மறுபடி எழுதுவது. அப்புறம் சின்னச் சின்ன அட்டைகள்: படம், பட்டம், பாடம். ‘பட்டு வட்டம் போட்டாள். வட்டம் பட்டு போட்டது.’ அவர் அச்சகத்தில் எந்த வகை வாக்கியத்தைப் பார்த்து வாழ்நாளெல்லாம் முகம் சுளித்தாரோ, அதே உப்புச்சப்பில்லாத வகைதான். வீட்டில் தினமும் அரை மணி நேரம் அவரே உட்கார்ந்து செய்ய வைத்தார். ஒரு நாள் தாங்காமல், “உனக்கு அலுக்கலயாடா இது?” என்று கேட்டுவிட்டார்.

“இல்லப்பா. இதுல கதையே இல்ல. அதனால அடுத்து என்ன வரும்னு ஊகிக்க முடியாது. எழுத்தத்தான் பாத்தாகணும்” என்றான் அவன். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்க புத்தகத்துல எல்லாம் ஊகிச்சிடுவேன்” என்றான், ஏதோ அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல.

பெரியவள் அந்த ஆண்டு கோடையின் கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “நான் பள்ளிக்கூடம் போறேன்பா.”

“ஏம்மா? இனிமே நீ அவனுக்குப் படிக்க வேண்டாமே. முழு நேரமும் உனக்குத்தான். நீ கேக்கற புத்தகத்த வாங்கித் தர்றேன்.”

“அங்க என் புத்தகம் எனக்கு மட்டும். வாத்தியார் கேட்டா என்னை மட்டும்தான் கேப்பாங்க.” தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “தப்பாச் சொன்னா எனக்கு மட்டும்தான் தப்பு.”

மனைவி மேசைக்குக் கீழே அவர் கையை அழுத்தினாள். மறுக்க வேண்டாம் என்று அர்த்தம். அவர் மறுக்கவில்லை. பள்ளி திறந்த அன்று அவள் கொண்டுவந்த புத்தகக் கட்டுக்குள் அவருடைய அச்சகத்தின் புத்தகங்களும் இருந்தன. யானைக்கு இன்னும் நான்கு கால்தான். அவள் அதற்கெல்லாம் அட்டை போட்டு, பெயர் எழுதி, யாரும் தொடாதபடி தன் அலமாரியில் அடுக்கினாள். நல்ல மதிப்பெண் வாங்கினாள். பாடம் தவிர வேறு புத்தகத்தை அவள் விரும்பி எடுத்து அவர் பிறகு பார்க்கவில்லை.

ஞாயிறு கூட்டத்துக்கு அவர் கடைசியாக ஒரு முறை போனார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். “புத்தகத்து மேல குத்தமில்ல. கேக்க வேண்டியத நான் கேக்கல. அவன் வாய்தான் எனக்குக் கேட்டது. உங்க பிள்ளைங்கள ஒரு பக்கம் உங்க முன்னாடி படிக்கச் சொல்லுங்க” என்றார். எல்லோரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். “உங்க பையன் தனி ரகம் சார். எங்க வீட்ல அப்படி இருக்காது” என்றார் ஒரு தந்தை. ஓராண்டுக்கு முன்னால் தானும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு தாய் மட்டும் ஒன்றும் பேசாமல் தன் மகளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிப் போனாள்.

அச்சகத்தில் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். சின்னவன் பன்னிரண்டு வயதில் பள்ளிக்குப் போனான். தட்டுத் தடுமாறிப் படித்தான். பதினைந்து வயதில் பேருந்துப் பலகைகளை யாரையும் கேட்காமல் படித்தான். படிப்பது அவனுக்குக் கடைசிவரை மேடு ஏறுவதுதான். ஆனால் ஏறினான். கதை சொல்வதை மட்டும் விட்டுவிட்டான். வீட்டில் யாரும் அவனை ரேடியோ என்று கூப்பிடுவதில்லை. விருந்தினர் யாராவது, “சின்ன வயசுல என்னமாச் சொல்வான்!” என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். அப்பாவிடம் அவனுக்குக் கோபம் இல்லை, பாசமாகத்தான் இருந்தான். அதுதான் அவரை அறுத்தது. கோபித்தால் பதில் சொல்லலாம்.

பெரியவளுக்குப் பதினெட்டு வயதானபோது வேறு ஊரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. புள்ளியியல் படிப்பு. ரயிலேற்றிவிட அவர் மட்டும் போனார். மனைவிக்கு மருத்துவமனையில் வேலை, சின்னவனுக்குப் பள்ளி. வண்டி வர அரை மணி நேரம் இருந்தது. நடைமேடை இருக்கையில் பெட்டிகளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளாகத் தொண்டையில் வைத்திருந்ததை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், அவர் சுற்றி வளைத்தார்.

“நாம வீட்ல படிச்சோமே, அந்தப் புத்தகத்துல எல்லாம் உனக்கு எதும்மா ரொம்பப் பிடிச்சது?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். அவருக்காக ஒரு பெயரைத் தேடுகிறாள் என்பது தெரிந்தது.

“எதுவும் ஞாபகம் இல்லப்பா. தம்பியக் கேளுங்க, அவன் வரிவரியாச் சொல்வான்.” சற்றுப் பொறுத்து, “எனக்கு எப்பவும் ஒரு காது மாடிப்படியிலயே இருக்கும். உங்க செருப்புச் சத்தம் முதல் மாடியில கேட்டா இன்னும் ஒண்ணரைப் பக்கம் படிக்கலாம். ரெண்டாவது மாடின்னா அரைப் பக்கம். அதுக்குள்ள எங்க கதை மனசுல நிக்கும்?” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“என்னை மன்னிச்சிடும்மா. அவனுக்குச் செஞ்சது தப்புன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். உனக்குச் செஞ்சத உன்கிட்டகூடச் சொன்னதில்ல.”

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் வண்டி தெரிந்ததும் எழுந்தாள். பெட்டியை எடுத்தவள், திடீரென்று நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

“அடுத்த வாரம் அவனுக்குப் பரீட்சைப்பா. கேள்வித்தாளப் படிக்கக் கூடுதல் நேரம் கேட்டுப் பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுக்கணும். போன தடவ நான்தான் ஞாபகப்படுத்தினேன். இந்தத் தடவ...”

“குடுத்துட்டேன்” என்றார் அவர். “அவன நான் பாத்துக்கறேன். நீ அதெல்லாம் நினைக்கவே வேண்டாம். போய் உன் வேலையப் பாரு.”

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் படித்தாள், அதில் சொல்லியிருப்பது உண்மைதானா என்று பார்ப்பவள்போல. பிறகு “சரிப்பா” என்று ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்தபோது சன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். அவர் அவள் ஏறிய ரயில் பெட்டி கண்ணைவிட்டு மறையும்வரை நின்றார். ‘அவன நான் பாத்துக்கறேன்’ என்ற அந்த ஒரு வார்த்தையை அவளுடைய பத்தாவது வயதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே நடந்தார்.